பள்ளிச் சுவரில் 14416: எழுதி வைத்தால் போதுமா?

கேள்வி: நீலகிரி மாவட்டம் கட்டபெட்டிலிருந்து ஒரு பெற்றோர், 2 ஆகஸ்ட் 2025

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். உச்ச நீதிமன்றம் சென்ற வாரம் தந்த தீர்ப்பைச் சொல்லி, 14416 முதலான தற்கொலைத் தடுப்பு உதவி எண்களை வகுப்பறைச் சுவர்களில் எழுதப் போவதாகத் தலைமையாசிரியர் கூட்டத்தில் அறிவித்தார். உடனே இரண்டு தாய்மார்கள் எழுந்து, பிள்ளைகள் தினமும் பார்க்கும் சுவரில் அந்தச் சொல்லை எழுதுவது, இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டுவதாகாதா என்று கேட்டார்கள். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. எங்கள் பள்ளியில் எழுபது பிள்ளைகள்கூட இல்லை. இதெல்லாம் நகரத்துப் பயிற்சி மையங்களுக்காகச் சொல்லப்பட்டதல்லவா?

3 ஆகஸ்ட்

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எளிதானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

தீர்ப்பு 2025 ஜூலை 25 அன்று வந்தது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்காகப் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவி ஒருவர் 2023-ல் இறந்ததைத் தொடர்ந்து அவருடைய தந்தை நடத்திய வழக்கு அது. நீதிமன்றம் வகுத்த 15 வழிகாட்டுதல்கள் பயிற்சி மையங்களோடு நிற்கவில்லை. பள்ளி, கல்லூரி, விடுதி அனைத்துக்கும் பொருந்தும். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்றும், அதற்குக் குறைவாக உள்ளவை வெளியே இருக்கும் மனநல வல்லுநர்களோடு முறையான தொடர்பை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்றும் அதில் சொல்லியிருக்கிறது. ஆகவே எழுபது பிள்ளைகள் என்பது விலக்கு ஆகாது. உதவி எண்கள் வகுப்பறையிலும் விடுதியிலும் பொது இடங்களிலும் பெரிய, தெளிவான எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும் அந்த வழிகாட்டுதல்களில் ஒன்று.

இரண்டாவது, அந்தத் தாய்மார்களின் அச்சம். பேசினால் எண்ணம் வரும் என்பதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 2,342 மாணவர்களில் ஒரு பகுதியினருக்குத் தற்கொலை எண்ணம் குறித்த கேள்விகள் அடங்கிய படிவத்தையும், மற்றவர்களுக்கு அக்கேள்விகள் இல்லாத படிவத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். கேட்கப்பட்டவர்களிடம் வேதனை கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்கள், முன்பு முயன்றவர்கள் ஆகியோரைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, கேட்கப்பட்டவர்களிடம் வேதனை சற்றுக் குறைவாகவே காணப்பட்டது.

ஆய்வைக் காட்டித் தாய்மார்களின் வாயை அடைக்க எனக்கு விருப்பமில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்) நான் பாடம் எடுத்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கட்டுரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு வரிகள் எழுதியிருந்தாள். படித்துவிட்டுத் தனியே அழைத்து, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டேன். அந்தக் கேள்வியை வாயெடுத்துக் கேட்பதற்குள் எனக்கு நா வறண்டுபோனது. அவளோ, “நீங்க கேட்பீங்கன்னுதான் மிஸ், என் நோட்ட கட்டுக்கு மேல வெச்சேன்” என்றாள். எண்ணம் நான் ஊட்டியதன்று. கேட்க ஆள் இல்லாததுதான் குறை.

ஆனாலும் ஐந்தாம் வகுப்புக்குக் கீழே அந்தச் சொல்லைச் சுவரில் எழுதத் தேவையில்லை என்பது என் கருத்து. “மனம் கனக்கும்போது பேசலாம்” என்று எழுதி எண்ணைப் போட்டால் போதும். எட்டாம் வகுப்பிலிருந்து ஒளித்துப் பேசுவதில் பயனில்லை. பிள்ளைகள் கைபேசியில் நம்மைவிட அதிகம் பார்த்துவிட்டார்கள்.

3 ஆகஸ்ட், இரவு

எந்த எண், எதற்கு என்று மறுபடி எழுதிக் கேட்டிருக்கிறீர்கள்.

14416 என்பது டெலி மானஸ் என்னும் மனநல ஆலோசனை எண். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில், தொடங்கிய சேவை; இரவும் பகலும் இயங்கும், கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் இதற்கு “நட்புடன் உங்களோடு” என்று பெயரிட்டிருக்கிறார்கள். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் வல்லுநருக்கு மாற்றுவார். 104 மாநிலச் சுகாதாரத் துறையின் எண்; தேர்வு முடிவுகள் வரும் நாட்களில் மாணவர்களுக்கான ஆலோசனைக்கு இதையே அறிவிப்பார்கள். 14417 பள்ளிக்கல்வித் துறையின் எண். 1098 குழந்தைகளுக்கானது, வீட்டிலோ பள்ளியிலோ யாரேனும் துன்புறுத்தினால் அழைக்க வேண்டியது இதைத்தான். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050.

இத்தனையையும் ஒரே பலகையில் எழுதினால் ஒன்றும் மனத்தில் நிற்காது. சுவரில் 14416-ஐயும் 1098-ஐயும் மட்டும் எழுதச் சொல்வேன்.

9 ஆகஸ்ட்

நேற்று ஒன்பதாம் வகுப்பில் ஒரு சோதனை செய்தேன். எங்கள் பள்ளியில் எண்ணை எழுதிப் பல மாதங்கள் ஆகின்றன. பலகையை மறைத்துவிட்டு, 14416 என்றால் என்ன என்று கேட்டேன். நீண்ட யோசனைக்குப் பின் ஒரு பையன், “நீலகிரி எக்ஸ்பிரஸ் நம்பரா மிஸ்?” என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அந்த ரயிலின் எண் 12671 என்று இன்னொருவன் திருத்தினான். ரயில் எண் தெரிந்த பிள்ளைகளுக்கு இது தெரியவில்லை. பலகை இருந்த இடம் அப்படி: தலைமையாசிரியர் அறைக்கு வெளியே, பீரோ பாதி மறைக்கும் சுவரில். அந்தச் சுவரின் முன்னால் நிற்கும் பிள்ளை ஏதோ தப்புச் செய்துவிட்டுத்தான் அங்கே நிற்கிறது.

அதன் பிறகு, வகுப்பிலேயே என் கைபேசியை ஒலிபெருக்கியில் வைத்து, அழைத்தால் என்ன நடக்கும் என்று காட்டலாமா என யோசித்தேன். உண்மையிலேயே தேவைப்படும் ஒருவரின் இணைப்பை நாம் பிடித்து வைத்துக்கொள்வது முறையன்று என்பதால் விட்டுவிட்டு, பாவனையாக நடத்தினோம். ஒரு மாணவி ஆலோசகர், இன்னொருத்தி அழைப்பவள். மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பதிவுக் குரலாக நானே பேசினேன். அந்தக் குரலைக் கேட்டதுமே எத்தனை பேர் துண்டித்துவிடுவீர்கள் என்று கேட்டபோது, பாதிக்கு மேல் கை தூக்கினார்கள். கம்பெனி விளம்பரம் என்று நினைப்பார்களாம்.

பிறகு வந்த கேள்விகள்தாம் முக்கியமானவை. அப்பாவுக்குத் தெரிந்துவிடுமா? பெயர் சொல்ல வேண்டுமா? ரெண்டு நிமிஷம் அழுதுகொண்டே இருந்தால் வைத்துவிடுவார்களா? அழைத்தால் பைத்தியம் என்று எழுதிக்கொள்வார்களா? தோழிக்காக நான் பேசலாமா? பலகை இவற்றுள் ஒன்றுக்கும் பதில் சொல்வதில்லை. கடைசிக் கேள்வியைக் கேட்டவளிடம், தாராளமாகப் பேசலாம், அதற்கும் சேர்த்துத்தான் அந்த எண் என்றேன். கேட்டவள் தோழிக்காகத்தான் கேட்டாளா என்பதை அன்று மாலையே தனியாக விசாரித்தேன். தோழிக்காகத்தான்.

10 ஆகஸ்ட்

இந்தப் பதில்களைப் படித்துக் குன்னூரிலிருந்து எழுதிய ஒருவர், இதையெல்லாம் வெளியே சொன்னால் போலீஸ் வழக்காகிவிடும், ஆகவே பள்ளி அடக்கி வாசிப்பதே நல்லது என்கிறார். இந்தத் தவறான எண்ணம் உயிரைப் பறிக்கக் கூடியது என்பதால் திருத்திவிடுகிறேன். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று அதன் 115-ஆம் பிரிவு சொல்கிறது; அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்கும் கடமையை அரசின்மேல் வைக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டமே இல்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய அதன் 309-ஆம் பிரிவைப் புதிய சட்டத்தில் அப்படியே கொண்டுவரவும் இல்லை. எண்ணம் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வது எக்காலத்திலும் குற்றமாக இருந்ததில்லை.

17 ஆகஸ்ட்

மழை விடுமுறையில் வீட்டில் முடங்கியிருந்தபோது, பந்தலூர்ப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவருடையது பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. பணியர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். சுவரில் எண் இருக்கிறது, விடுதியில் கைபேசிக்கு அனுமதி இல்லை, அலுவலகத் தொலைபேசி பூட்டிய அறையில் இருக்கிறது, சாவி காப்பாளரிடம். காப்பாளர்மீதே வருத்தம் இருக்கும் பிள்ளை யாரிடம் சாவி கேட்கும் என்று அவர் கேட்கிறார்.

இந்தக் கேள்விக்குப் பிறகு நான் எழுதியவற்றில் பாதி, கைபேசி வைத்திருப்போருக்கானது என்று தோன்றிவிட்டது. என் வகுப்பிலேயே எத்தனை பிள்ளைகளுக்குத் தனிக் கைபேசி இருக்கிறது? வீட்டில் இருப்பது ஒன்று. அது அப்பாவோடு தோட்டத்துக்கோ ஃபாக்டரிக்கோ போய்விடும். இலை பறிக்கப் போகும் அம்மா திரும்ப மாலையாகிவிடும். சோலூர்மட்டத்தைத் தாண்டினால் சில வளைவுகளில் சிக்னலே கிடையாது. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா குடும்பம். மெதுவாகப் பேசினாலும் கேட்கும். ஜூலை, ஆகஸ்டில் மழையால் பள்ளி மூடும் நாட்களில் இந்தப் பிள்ளைகள் வெளியாள் முகமே பார்க்காமல் இருக்கிறார்கள். அந்த நாட்களில் வகுப்பாசிரியர் ஒரு முறை அழைத்து, மழை எப்படி இருக்கிறது என்று கேட்பதையும் நான் தடுப்பு நடவடிக்கையாகவே எண்ணுகிறேன்.

ஆகவே விடுதிகளுக்கு என் யோசனை இது: யாரிடமும் காரணம் சொல்லாமல் எடுத்துப் பேசக்கூடிய ஒரு தொலைபேசி, ஆட்கள் நடமாடாத ஒரு மூலையில் இருக்க வேண்டும். வெளியே செல்லும் அழைப்பு அந்த இரண்டு மூன்று எண்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்திக்கொண்டாலும் சரி. அது இல்லாமல் சுவரில் எண்ணை எழுதுவது, ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குக் காட்டத்தான் உதவும்.

18 ஆகஸ்ட்

பணிய மொழியில் பேசும் ஆலோசகர் உண்டா என்று அதே ஆசிரியர் கேட்டிருக்கிறார். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் தமிழ் என்று வளரும் பிள்ளை, அழும்போது வீட்டு மொழியில்தான் அழுகிறது. அந்தப் பிள்ளையின் மொழி தெரிந்த சமையலரையோ முன்னாள் மாணவரையோ பயிற்சிக்கு அனுப்புவதுதான் இப்போதைக்குச் செய்யக் கூடியது. ஆசிரியர்கள் மட்டுமன்றி ஆசிரியரல்லாத ஊழியர்களும் ஆண்டுக்கு இருமுறையேனும் பயிற்சி பெற வேண்டும் என்று தீர்ப்பே சொல்வதால், அதைக் காட்டிக் கேட்கலாம்.

31 ஆகஸ்ட்

பயிற்சி பற்றி மேலே எழுதியதை இன்று கொஞ்சம் தயக்கத்தோடு மறுபடி பார்க்கிறேன்.

ஐரோப்பாவில் பத்து நாடுகளில், 168 பள்ளிகளில், 11,110 மாணவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2015-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. பள்ளிகளை நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் ஆசிரியர்களுக்கு அறிகுறிகளைக் கண்டறியும் பயிற்சி. இன்னொன்றில் மாணவர்களைப் படிவம் மூலம் பரிசோதித்து மருத்துவரிடம் அனுப்புதல். மூன்றாவதில் மாணவர்களுக்கே நேரடி நிகழ்ச்சி: நான்கு வாரங்களில் மொத்தம் ஐந்து மணி நேரம், அதில் பெரும்பகுதி நடித்துப் பார்த்தலும் பேசுதலும், கையேடு ஒன்றும் உண்டு. நான்காவது பிரிவில் வகுப்பறைச் சுவரில் விளக்கப் படங்கள் மட்டும். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, மூன்றாவது பிரிவில்தான் புதிய தற்கொலை முயற்சிகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தன. சுவர்ப்படப் பிரிவில் 1.51 விழுக்காடு, இதில் 0.70. ஆசிரியர் பயிற்சியில் அப்படிப்பட்ட வேறுபாடு கிடைக்கவில்லை.

நாம் இங்கே இப்போது சாதனை என்று செய்துகொண்டிருக்கும் சுவரெழுத்து, அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்துக்கொண்ட பிரிவு. இதைப் படித்ததும் பலகை விவாதத்தில் இத்தனை நாளைச் செலவிட்டோமே என்றிருந்தது. ஆசிரியர் பயிற்சி பற்றிய முடிவு எனக்கு உவப்பாக இல்லை. பயிற்சிச் சான்றிதழ் என் மேசையில் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தது நான்தானே என்று மனம் வாதாடுகிறது. ஆனால் கட்டின் மேல் நோட்டை வைத்தவள் அவள். சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்த பிள்ளையைத்தான் நான் கண்டேன். கட்டின் நடுவில் வைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியாது.

ஐரோப்பியப் பள்ளிக்குப் பொருந்துவது கோத்தகிரிக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. அங்கே வகுப்புக்கு வெளியே உதவிக்குப் போக இடம் இருக்கிறது. இங்கே மனநல மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஊட்டிக்குப் பேருந்து ஏற வேண்டும். இருந்தாலும், ஐந்து மணி நேரம் என்பது நம்மால் முடியாத கணக்கன்று. ஒரு பருவத்தில் விளையாட்டுப் பாடவேளைகளைக் கணித ஆசிரியர் எடுத்துக்கொள்வதே அதைவிட அதிகம் இருக்கும்.

6 செப்டம்பர்

“பிள்ளை வந்து சொல்லிவிட்டால் நான் என்ன செய்ய வேண்டும்? எனக்குப் பயமாக இருக்கிறது” என்று ஓர் இளம் ஆசிரியை எழுதியிருந்தார். பயம் இருக்கத்தான் செய்யும்.

முதலில், “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்யாதீர்கள். அதைச் சொன்னால் பிள்ளை நிம்மதியடையும், நாமும் நல்லவராவோம், ஆனால் அன்று மாலைக்குள் அதை மீற வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக, “உன் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் நான் ஓரிருவரிடம் சொல்லியாக வேண்டும், யாரிடம், எப்படிச் சொல்வது என்பதை உன்னிடம் கேட்டுத்தான் செய்வேன்” என்று சொல்லிப் பாருங்கள். என் அனுபவத்தில் பிள்ளைகள் இதை ஏற்றுக்கொள்கிறார்கள். அறிவுரை வேண்டாம். அம்மா அப்பா எவ்வளவு கஷ்டப்படுகிறார்கள் தெரியுமா என்று தொடங்கவே தொடங்காதீர்கள். அதைத் தெரிந்துவைத்திருப்பதும் அந்தப் பிள்ளையின் சுமையில் ஒரு பங்கு. நேராகக் கேளுங்கள், பதிலைப் பொறுத்திருந்து கேளுங்கள், அந்தப் பொழுதில் தனியாக விடாதீர்கள், வீட்டிலிருந்து பொறுப்பான ஒருவர் வந்து சேரும்வரை உடன் இருங்கள். 14416-ஐ நீங்களே அழைத்து, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 108. இல்லையென்றால் அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் இயங்கும் பிரிவு.

வீட்டாரிடம் சொல்லும்போது ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: வீட்டிலிருக்கும் மாத்திரைகளும் தோட்டத்து மருந்துகளும் பூட்டுக்குள் போக வேண்டும், சாவி பெரியவர் மடியில் இருக்க வேண்டும். நம் மலையில் கேரட்டும் முட்டைக்கோசும் போடும் வீடுகளில் தெளிப்பு மருந்து திண்ணையிலேயே கிடக்கிறது. ஆபத்தான எண்ணம் பெரும்பாலும் அலைபோல் எழுந்து தணியக் கூடியது. அந்த நேரத்தைக் கடத்திவிட்டாலே பிழைத்துக்கொள்கிறவர்கள் பலர். கைக்கெட்டாமல் வைப்பதை உலகச் சுகாதார நிறுவனம் தடுப்பு வழிகளில் முதல் வரிசையில் வைத்திருப்பது இதனால்தான். பெற்றோர் இதைச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். மனச்சோர்வு என்பதைப் பற்றி அரை மணி நேரம் பேசுவதைவிட, இன்றைக்கே பூட்டுங்கள் என்பது அவர்களுக்குச் செய்ய ஒரு வேலையைத் தருகிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. துன்பமே வீட்டிலிருந்து வருகிறது என்று பிள்ளை சொன்னால், வீட்டாரை அழைப்பதற்கு முன் நிறுத்திக்கொள்ளுங்கள். பாலியல் துன்புறுத்தல் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி தெரிவிப்பது நம் கடமை, மறைத்தால் குற்றம். தலைமையாசிரியரும் 1098-உம் அங்கேதான் தேவைப்படுகிறார்கள்.

11 செப்டம்பர்

நேற்று உலகத் தற்கொலைத் தடுப்பு நாள். பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஓவியப் போட்டி நடத்தி, சிறந்த படங்களை வாசலில் ஒட்டியிருந்தார்கள். பிள்ளைகள் வரைந்திருந்தவற்றை இங்கே விவரிக்கப் போவதில்லை. விவரிக்கக் கூடாது என்பதுதான் விஷயமே. வழியைக் காட்டும் படமும் விவரமும் தளர்ந்த மனத்துக்குத் தீங்கானவை. யாரிடம் போய்ப் பேசினேன், எப்படி மீண்டேன் என்பதை வரையச் சொல்லியிருக்கலாம். நெருக்கடியைத் தாண்டி வந்தவர்களின் கதைக்குக் காக்கும் சக்தி உண்டு என்பதை ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 2010-ல் செய்தித்தாள்களை வைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

விருந்தினராக வந்தவர் 2022-ல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பிள்ளைகளிடமே முழங்கினார். கணக்கு சரிதான். ஆனால் அது பெற்றோர் கூட்டத்திலும் சட்டமன்றத்திலும் சொல்ல வேண்டியது. பதினான்கு வயதுப் பிள்ளை அதைக் கேட்டு, இத்தனை பேர் செய்கிறார்கள் போலிருக்கிறது என்ற பாடத்தை எடுத்துக்கொள்ளக் கூடும். இத்தனை பேர் உதவி கேட்டார்கள் என்பதுதான் அவர்கள் காதில் விழ வேண்டியது.

28 செப்டம்பர்

காலாண்டு முடிந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன். மதிப்பெண்ணைக் குறை சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது என்று ஒருவர் கேலி செய்திருக்கிறார். ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் தமிழ்நாடு இதில் சில நல்ல காரியங்களைச் செய்திருக்கிறது. 2017 முதல் பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதில்லை. தவறியவர்கள் ஓராண்டை இழக்காமல் உடனே துணைத் தேர்வு எழுதலாம்; சிநேகா போன்ற அமைப்புகள் அதற்காகக் குரல் கொடுத்தன. 2025-26 கல்வியாண்டு முதல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை. துணைத் தேர்வு என்று ஒன்று இருக்கிறது என்பதையே தேர்வு முடிவு வந்த பிறகுதான் பல வீடுகளில் கேள்விப்படுகிறார்கள். அதை மார்ச் மாதமே சொல்ல வேண்டும். உதவி எண்ணைப் போலவே அதுவும் ஓர் உதவிதான்.

12 அக்டோபர்

கட்டபெட்டுப் பெற்றோர் மீண்டும் எழுதியிருக்கிறார். மேலாண்மைக் குழுவில் தீர்மானம் நிறைவேறிவிட்டது: எண்களைத் தண்ணீர்க் குழாய்க்கு மேலே, பிள்ளைகள் வரிசையில் நிற்கும் இடத்தில் எழுதுவது; கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டுவது (இது ஒரு தாயின் யோசனை; அங்கேதான் யாரும் பார்க்காமல் படிக்க முடியும்); மாவட்ட மனநலத் திட்டத்துக்குக் கடிதம் எழுதி, பருவத்துக்கு ஒரு முறையாவது ஆலோசகரை அனுப்பக் கேட்பது. ஆகஸ்டில் எதிர்த்த இரு தாய்மார்களில் ஒருவர்தான் கழிப்பறைக் கதவைச் சொன்னவர்.

பள்ளிக்கென ஒரு பழைய பொத்தான் கைபேசியை வாங்கி நூலக அலமாரியில் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். வையுங்கள், ஆனால் பூட்டாத அலமாரியில். மாதாமாதம் ரீசார்ஜ் செய்வது யார் பொறுப்பு என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பள்ளியில் வைத்த கைபேசி, அப்படி எழுதாததால் மூன்றாம் மாதமே செத்துக் கிடந்தது. பாவனை அழைப்பை உங்கள் ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு நடத்திக் காட்ட நவம்பரில் ஒரு சனிக்கிழமை வருகிறேன். பதிவுக் குரலாக இந்த முறை உங்கள் தலைமையாசிரியரே பேசட்டும்.